பூனை உட்கார்ந்த பெஞ்சு

அத்தியாயம் 9

பூனையை விசாரிக்க மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள்.

ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்துவிட்ட கியருக்கு வலது கால் சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கற்றுக்கொள்பவர்கள் சுவரைப் பார்த்து ஓட்டும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திக் காப்பாற்றியவன். அந்த வேலையை விட்டு மூன்று வருடமாகியும் எங்கேயோ எதுவோ மோதப் போகிறது என்று மனசுக்குப் பட்டால் போதும், இல்லாத பிரேக்கை மிதிப்பான். இப்போது பேராசானின் கம்பளத்தை மிதித்துக்கொண்டிருந்தான்.

பேராசான் என்பது யாரும் கொடுத்த பட்டம் இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. 'இயற்கை வெப்ப ஆய்வு மையம்' என்று வாசலில் பலகை. உள்ளே கல், மண், மரம் ஆகிய மூன்றும் வெயிலை எப்படி வாங்கி எப்படி வைத்துக்கொள்கின்றன என்பதைப் பற்றி அவர் பேசுவார். கேட்க ஆள் இருந்தால் நன்றாகப் பேசுவார், இல்லாவிட்டாலும் பேசுவார்.

"இந்த அறையைக் கவனியுங்கள். இரண்டடி மண் சுவர். பகல் வெப்பம் உள்ளே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மின்விசிறிகூட இங்கே கிடையாது. இந்தக் குளுமை மண் தருவது."

குளுமை மூலையில் இருந்த மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. 'உர்ர்' என்ற சத்தமும் அங்கிருந்தே வந்தது.

"மூங்கில் குறட்டை விடுது சார்," என்றான் கியர்.

இன்ஸ்பெக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து, நாலாயிரம் வாத்தியார்களை வியர்க்க வைத்த பார்வை அது. ஓய்வு பெற்றதும் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். போகிற இடத்திலெல்லாம் அவருடைய உதவியாள் கியர் முன்னால் ஓடி, "இன்ஸ்பெக்டர் வந்திருக்காங்க" என்பான். எந்த இலாகா இன்ஸ்பெக்டர் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டிய அவசியம் அம்மாவுக்கும் இருக்கவில்லை.

அறையில் நாலாவதாக ஒரு எஸ்.ஐ. இருந்தார். நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தார். ஆறாம் வகுப்பில் இதே அம்மா முன்னால் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்தவர். அந்தப் பயத்தின் மிச்சத்தில்தான் இன்று ஏழு மணி வரை அவகாசம் கொடுத்திருந்தார்.

"ஏழுக்கு மேல என் கையில இல்லம்மா," என்றார் மெதுவாக. "தோட்டக்காரம்மாகிட்ட வாக்குமூலத்துல கைரேகை வாங்கிடுவாங்க. காலையில கோர்ட்டு."

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே தோட்டக்காரம்மாவின் மகள் குந்தியிருந்தாள். தையல் வேலை செய்கிற பெண். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அம்மாவுக்கு இரண்டு மாற்றுப் புடவை, ஒரு சீப்பு, ஒரு துண்டு. ஜெயிலுக்கு என்ன எடுத்துப்போக வேண்டும் என்று அவள் கியரிடம்தான் கேட்டிருந்தாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத ஒரே காரணத்தால் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

வழக்கு இவ்வளவுதான். போன புதன்கிழமை காலை பேராசானின் அண்ணன், மையத்தின் உலர்த்தும் அறைக்குள் நினைவில்லாமல் கிடந்தார். கட்டட வேலைக்காரர், எல்லாருக்கும் அவர் மேஸ்திரி. அந்த அறைக்கு மேலே கண்ணாடிக் கூரை, கீழே முழங்கால் கனத்துக்குக் கருங்கல் தரை. மூலிகை காயவைப்பதற்கானது. பேராசான் அதற்கு 'சூரியக் கருவறை' என்று பெயர் சூட்டியிருந்தார். கதவு வெளியிலிருந்து தாழ் போட்டிருந்தது. திறந்து பார்த்துக் கத்தியவள் தோட்டக்காரம்மா. கத்தியவளையே பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

பிடித்ததற்குக் காரணம் ஒரே ஒரு போட்டோ.

"மறுபடியும் ஒருதடவை பாத்துடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பேராசான் சலிப்போடு படத்தை மேசைமேல் தள்ளினார். முற்றம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. மண் பெஞ்சில் மேஸ்திரி, கையில் செவ்வாய்க்கிழமை பேப்பர், தேதி பளிச்சென்று. பக்கத்து மர பெஞ்சில் ஒரு சாம்பல் நிறப் பூனை, சுருண்டு. மேஸ்திரிக்கு மறுபக்கம் கருங்கல் பெஞ்சு, காலி.

"செவ்வாய் மாலை ஆறு பத்துக்கு நான் எடுத்தது. உடனே என் மாணவர் குழுவுக்கு 'இனிய மாலை' என்று அனுப்பினேன். இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆறேகாலுக்கு வெளியூர் சொற்பொழிவுக்குக் கிளம்பிவிட்டேன். அண்ணன் நன்றாக இருந்தார். அந்தம்மா ஆறரைக்கு வந்தாள். பொழுது சாய்ந்ததும் அந்தக் கதவைத் தாழிடுவது அவள் வேலை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்து போட்டாளா, தெரியாமல் போட்டாளா என்பதை நான் சொல்ல முடியாது. கருங்கல் தரை இரவு முழுக்க அனல் கக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும்."

"அந்தம்மா, வரும்போதே தாழ் போட்டிருந்துச்சுன்னு சொல்றாங்க."

"சொல்லத்தானே செய்வாள்?"

"போட்டோ எடுத்த போனைக் கொஞ்சம்..."

"முன்னமே சொன்னேனே. உடைந்துவிட்டது."

"பாவம், இந்த வீட்டுல அண்ணனுக்கும் அடி, போனுக்கும் அடி," என்றான் கியர்.

நல்ல நகைச்சுவை என்று அவனே நினைக்கவில்லை. உள்ளுக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. காலையில் இந்தச் சந்திப்புக்கு நேரம் கேட்டு போன் செய்தது அவன்தான். நேரம் மட்டும் கேட்டு வைத்திருக்கலாம். அவன் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முற்றத்துக்குப் போனார்கள்.

நாலு பக்கமும் உயர்ந்த சுவர். நடுப்பகல் வெயில் நேராகக் கொட்டும்; காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் ஒரே மாதிரி நிழல், ஒரே மாதிரி வெளிச்சம். மூன்று பெஞ்சுக்கும் தலைமாட்டில் ஒவ்வொரு பித்தளைத் தகடு. அதில் பேராசானின் பொன்மொழி. மொழியைவிடக் கீழே இருந்த பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"எங்களுக்குப் பூனை எதுக்குன்னு இப்பவாவது சொல்லுங்கம்மா," என்றார் எஸ்.ஐ.

"முப்பது வருஷம் காலையில பிரேயர் நேரத்துக்கு ஸ்கூல்ல போய் கல் பெஞ்சுல உட்கார்ந்தவ நான். அந்த நேரத்துல கல்லு நம்ம உடம்புச் சூட்டை அப்படியே உறிஞ்சும். ராத்திரியெல்லாம் ஆறிப்போய் பசியோட கிடக்கும் அது. மரம் அப்படி உறிஞ்சாது. காலையில உட்கார மரம்தான் சுகம். சாயங்காலம் அப்படியே மாறிடும். பகல் முழுக்க வாங்கின சூட்டை கல்லு வெச்சிருக்கும். முந்தாநாள் சாயங்காலம் நாம வந்தப்ப, இந்தப் பூனை கல் பெஞ்சுல படுத்துக்கிட்டு நான் எழுப்பியும் எழுந்திருக்கலை. கல்லைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு."

எஸ்.ஐ. படத்தைத் திரும்பப் பார்த்தார். கண் மர பெஞ்சில் நின்றது. "அப்போ இது..."

"காலை ஆறு பத்து. பேப்பர் போடற பையன் அஞ்சரைக்கே போட்டுட்டுப் போயிடறான். காலையில எடுத்த படத்தை சாயங்காலம் அனுப்பியிருக்காரு. அப்படின்னா செவ்வாய்க்கிழமை காலைக்கு அப்புறம் மேஸ்திரியை நல்லபடியா பார்த்த ஆள் யாருமில்லை. அன்னிக்கு தோட்டக்காரம்மாவுக்கு லீவு. காலையில போனவ ஆறரைக்குத்தான் வந்தா. பகல் முழுக்க இங்க இருந்தது ஒரே ஆள்."

பேராசான் கோபப்படவில்லை. அதுதான் கியருக்குப் பிடிக்கவில்லை. புன்னகைத்தார்.

"பூனையின் சாட்சியம். கேட்கவே ரம்மியமாக இருக்கிறது. பார்ப்போமே."

பூனை சமையலறைப் பக்கமிருந்து வந்தது. அதன் பெயர் முதலாளி. வேலை செய்யாமல் சாப்பிடுகிற ஆள் இந்த மையத்தில் இது ஒன்றுதான் என்று மேஸ்திரி வைத்த பெயர். பேராசானுக்கு அந்தப் பெயர் ஏனோ பிடிப்பதில்லை.

முதலாளி நேராகக் கல் பெஞ்சுக்குப் போனது. தாவி ஏறியது. ஏறிய வேகத்தில் குதித்து இறங்கியது. முன்னங்காலை உதறியது. இன்னொரு தடவை உதறியது. அப்புறம் யாரையும் பார்க்காமல் போய் மர பெஞ்சில் சுருண்டு படுத்தது.

போட்டோவில் இருந்த அதே இடம். அதே சுருள்.

கியரின் வலது கால் தரையில் போய் மிதித்தது. பிரேக் இல்லை.

"கடிகாரம் ஆறு பத்து காட்டுகிறது," என்றார் பேராசான் இனிமையாக. "இன்று மாலையும் மரத்தில்தான் படுத்திருக்கிறது. வேண்டுமானால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீதிமன்றத்துக்குப் பயன்படும்."

எஸ்.ஐ. நோட்டை மூடினார். "மன்னிச்சிடுங்கம்மா. நான் கிளம்பறேன்."

கேட் பக்கமிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்குக் கேட்டிருக்காது. எஸ்.ஐ. தொப்பியை மாட்டியதைப் பார்த்தாள். துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட கியர் தாங்கியிருப்பான்.

"மேடம்," என்றான். "நான்தான் கெடுத்தேன். காலையில போன்ல, எதுக்கு வர்றீங்கன்னு கேட்டாரு. 'முதலாளி சாயங்காலம் எந்த பெஞ்சுல உட்காருதுன்னு பார்க்கணுமாம் சார்'னு சொல்லிட்டேன். சும்மா, பேச்சு சுவாரசியத்துல."

"உன் வாய்க்கும் ரெண்டாவது பிரேக் வெச்சிருக்கணும்," என்றார் அவர். அதில் சிரிப்பு இல்லை. அவருக்கும் முகம் இருண்டிருந்தது. தையல்காரப் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு, கல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அசையவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கல்லின் மேல் வைத்தார்.

"எஸ்.ஐ. தம்பி. தொப்பியைக் கழட்டு."

கழற்றினார். பதினாறாம் வாய்ப்பாடு அப்படிப்பட்டது.

"சார், உங்க பொன்மொழி இது, என் தலைக்கு மேல இருக்கே, கண்ணாடி போடாம எனக்குத் தெரியலை. கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா?"

தன் வாக்கியத்தைப் படிக்கச் சொன்னால் மறுக்கிற மனிதர் இல்லை பேராசான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கருங்கல் ஒரு சேமிப்பாளன். பகல் முழுதும் உண்ட வெயிலை, மாலை மயங்கிய பின்னும் மறவாமல்..."

குரல் அங்கே தேய்ந்தது.

"முடியலையே சார். 'மறவாமல்' அப்புறம்?"

"...திருப்பித் தருவான்."

"திருப்பித் தரலையே. ஜில்லுன்னு இருக்கு. இன்னிக்கு அடிச்ச வெயில்ல ரோட்டுல தார் இளகிச்சு. நீங்க எழுதினது பொய்யா, இல்ல இந்தக் கல்லு பொய்யா?"

"விருந்தினர் வருகிறார்கள் என்று கழுவச் சொன்னேன். தண்ணீர் ஊற்றினால் குளிராதா?"

"யாரைச் சொன்னீங்க? தோட்டக்காரம்மா லாக்கப்புல இருக்கா. கழுவினது கல்லை மட்டுமா? மர பெஞ்சுல இருக்கற புழுதியில என் பேரை எழுதலாம்."

கியர் அப்போதுதான் மண் பெஞ்சைப் பார்த்தான். கல்லை ஒட்டிய பக்கம் மட்டும் தெறித்த ஈரத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது. கல்லின் மேல் ஈரத்தைத் துடைத்திருந்தார்கள், இடுக்கில் மட்டும் மிச்சமிருந்தது. மண் குடித்துவிட்டு வைத்திருந்தது. ஆனால் வெறும் தண்ணீருக்கு இவ்வளவு குளிராதே. முழங்கால் கனத்துக் கல், ஒரு வாளித் தண்ணீரா அடக்கும்?

பூனையின் கால் ஞாபகத்துக்கு வந்தது. எதையோ உதறியதே.

மர பெஞ்சுக்குப் போய் முதலாளியின் முன்னங்காலைத் தூக்கினான். முதலாளி அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு அவன் மணிக்கட்டைக் கீறியது. விடவில்லை. விரலிடுக்கில் மஞ்சளாக, ஈரமாக, பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது.

"மேடம், மரத்தூள்."

"அதனால?"

"எங்க டிரைவிங் ஸ்கூல் ஐஸ் ஃபேக்டரி காம்பவுண்டுலதான் மேடம் இருந்துச்சு. பன்னிரண்டு வருஷம் தினமும் பாத்தது. ஐஸ் பாளத்தை வெயில்ல எடுத்துட்டுப் போறதுன்னா மரத்தூள்ல பொதிஞ்சு சாக்குல கட்டித்தான் கொடுப்பாங்க. வெளிச் சூடு உள்ள போகாது. நாள் முழுக்கக் கரையாம கிடக்கும்." பேராசானைத் திரும்பிப் பார்த்தான். "கல்லு மேல ஐஸ் படுத்திருக்கு மேடம். பூனைக்கு முன்னாடியே."

எஸ்.ஐ. காத்திருக்கவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் சாக்கடை மூடியை நகர்த்தினார். உள்ளே சுருட்டி அமுக்கிய மூன்று சாக்கு. பிழிந்தால் தண்ணீர் வரும்போல் இருந்தது. மரத்தூள் அப்பியிருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார்.

"சார், பூனை எங்க உட்கார்ந்தா உங்களுக்கு என்ன? உண்மையிலேயே சாயங்காலம் எடுத்த படமா இருந்தா, 'பூனைக்கு எது இஷ்டமோ அங்க உட்காரும்'னு சிரிச்சிட்டுப் போயிருப்பீங்க. இன்னிக்கு சாயங்காலம் அது கல்லுலதான் போய் உட்காரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதாலதான் ஐஸ் வாங்கினீங்க. அந்தப் படம் காலைப் படம்னு நான் சொன்னதை விடுங்க. நீங்களே கல்லு மேல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்க."

பேராசான் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கிருந்து ஒரு உரை வரும். வரவில்லை.

"அந்தப் படம் என் ஏ.சி. ரூம் ஜன்னல்லேர்ந்து எடுத்தது," என்றார் கடைசியில். மேடைத் தமிழ் கழன்று விழுந்திருந்தது. "குளிர்ல உட்கார்ந்துகிட்டு எடுத்தேன். பூனை எங்க படுத்திருக்குன்னு யாரு பாக்கறா?"

"அண்ணனை ஏன் சார் உள்ள வெச்சீங்க?" எஸ்.ஐ.யின் குரல் அடங்கியிருந்தது.

"அன்னிக்கு விருதுக் கமிட்டி வந்துச்சு. இந்தக் கட்டடம், சுவர், பெஞ்சு, புஸ்தகத்துல இருக்கற கணக்கு எல்லாம் அண்ணனோடது. அவருக்கு மேடை வேண்டாம். பேர் வேண்டாம். 'கேட்டாங்கன்னா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்டா'ன்னு சொன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு." கையைப் பிசைந்தார். "அவங்க போற வரைக்கும், ஒரு மணி நேரம். அதுக்குத்தான் தாழ் போட்டேன். அவங்க சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குத்தான் போனாங்க. நான் ரூமுக்குப் போனேன். குளுகுளுன்னு இருந்துச்சு. தூங்கிட்டேன்."

மூங்கில் தட்டி உறுமுவது முற்றம் வரை கேட்டது.

"எப்ப எழுந்தீங்க?"

"நாலரை."

"அப்ப?"

"போய்த் திறந்தேன். தரையில கிடந்தாரு."

கியர் அடுத்த வார்த்தையைத் தடுக்க நினைத்தவன் போல வலது காலை அழுத்தினான்.

"மறுபடியும் தாழ் போட்டுட்டேன்," என்றார் பேராசான்.

எஸ்.ஐ. அவரைத் தோளில் தொட்டார். போகும்போது பித்தளைத் தகட்டில் பேராசானின் மேல்துண்டு மாட்டிக்கொண்டது. அவரே நின்று, கவனமாக எடுத்துவிட்டுக்கொண்டு போனார்.

ஸ்டேஷனுக்குப் போன் போனது. கேட்டைத் தாண்டி வந்த தையல்காரப் பெண்ணிடம் கியர் விஷயத்தைச் சொன்னான். அவள் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. "அப்ப இந்தப் பையை என்ன பண்றதுண்ணா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ தங்கச்சி. உங்கம்மா வீட்டுலதான் கட்டிக்கப் போறாங்க."

மர பெஞ்சிலிருந்து முதலாளி எழுந்து சோம்பல் முறித்தது. கல் பெஞ்சுக்குப் போய், ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தது. ஐஸ் மேல்தோலைத்தான் குளிர வைத்திருந்தது. அடியில் கிடந்த பகல் வெயில் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி ஏறிப் படுத்துக்கொண்டது. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

"உன் வாயால இதுவரைக்கும் நூறு காரியம் கெட்டிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இன்னிக்கு நீ உளறலைன்னா அவரு ஐஸ் வாங்கியிருக்க மாட்டாரு. வெறும் பூனையை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கோர்ட்டுல நின்னிருப்பேன்?"

"பாராட்டறீங்களா மேடம்?"

"இல்ல. இன்னொரு தடவை செஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு சொல்றேன்."

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. தோட்டக்காரம்மா இறங்கினாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். தாய் மகளின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, விலக்கிவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் நடந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. அது அவள் உலர்த்தும் அறையைச் சாத்துகிற நேரம்.

கியர் பின்னாலேயே போனான்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து சூடு முகத்தில் வந்து மோதியது. நாலு மூலையையும் பார்த்தாள். மூலிகை காயப்போட்ட சாக்கை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். குனிந்து கல்தரையைக் கையால் தொட்டாள். அது இன்னும் சுட்டது.

"ஆறரைக்கு வந்தேன் தம்பி அன்னிக்கு," என்றாள். "தாழ் போட்டிருந்துச்சு. சரி, மேஸ்திரியே சாத்திட்டாருபோலன்னு போயிட்டேன். பூனைப் பாலுக்காகக் காலையில என்னைத் திட்டியிருந்தாரு. அந்தக் கோவத்துல அவர் தன் ரூம்ல இருக்காரான்னுகூடப் பாக்கலை. கை நீட்டித் திறந்திருந்தா..."

கியர் நகர்ந்து அவளுக்கு வழி விட்டான்.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பழக்கத்தில் கை தாழ்ப்பாளுக்குப் போனது. இரும்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, கதவை மறுபடியும் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை நகர்த்தி வைத்தாள்.